முதல் வாளி

யூன் 4

றெஜினா அக்கா இன்று மாலை பற்றரி அறைப் பூட்டின் திறப்பை என்னிடம் தந்தார். நாளைக் காலைப் படகில் மகன் நிறோசனை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அவனுக்குக் காலில் சத்திரசிகிச்சை. சில நாளில் திரும்பி விடுவார்கள்.

எங்கள் தீவுக்கு மின்கம்பம் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சூரியத் தகடுகள் இருக்கின்றன. பக்கத்தில் பற்றரி அறை. பகல் வெயிலைப் பற்றரிகள் வாங்கி வைத்து இரவில் ஊருக்குக் கொடுக்கும். கிளினிக்கில் தடுப்பூசி மருந்து இருக்கிற குளிர்ப்பெட்டி, மீனவர் சங்கத்தின் ஐஸ் பெட்டி, வீடுகளின் விளக்கு, எங்கள் பின்னேர வகுப்பு, எல்லாம் அந்த அறையை நம்பித்தான். அறையைப் பார்ப்பது றெஜினா அக்காவின் வேலை. புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போன பிறகு சங்கம் அவருக்குக் கொடுத்த வேலை. நான் பள்ளிக்கூடம் விட்டதும் அவரோடு நின்று தூசி துடைப்பேன், மூடிகளைத் திறந்து கொடுப்பேன்.

"சங்கத்து ஒழுங்குப்படி திறப்பை உன்ரை ஐயாட்டைத்தான் குடுக்க வேணும்" என்றார். என்னைப் பெற்ற ஐயாதான் சங்கத் தலைவர். "ஆனா உன்னட்டைத் தாறன், பிறிசி. ஆரிட்டையும் குடுக்காதை. ஐயாட்டையும்."

"ஏனக்கா?"

"அவருக்கு ஆயிரம் சோலி. நீ வைச்சிரு. தண்ணி எல்லாத்திலையும் நிறைவாத்தான் இருக்கு. நான் வரப் பிந்தினா மட்டும் பார். பற்றரியிலை இருக்கிற கோட்டுக்குக் கீழை இறங்கினா மூலையிலை இருக்கிற கான் தண்ணியை விடு."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாலு பிளாஸ்டிக் கான் பற்றரித் தண்ணீர் மூலையில் இருக்கிறது. திறப்பை என் செபமாலைப் பைக்குள் வைத்திருக்கிறேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

யூன் 9

நிறோசனுக்குக் காய்ச்சலாம். சத்திரசிகிச்சை தள்ளிப் போய்விட்டது. அக்கா எப்போது வருவார் என்று தெரியாது.

காலையில் ஐயாவின் படகு எஞ்சின் மறுபடியும் ஸ்ராட் வரவில்லை. பள்ளிக்கூட ரீச்சர்கள், சந்தைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் ஏறி இருந்துகொண்டு காத்திருந்தார்கள். இறங்குதுறையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த சவிரிமுத்து அப்பு சத்தமாகச் சொன்னார்: "எமிலியான், நீ ஆறுதலா எடு மேனை. நான் துக்க தேவரகசியத்திலை நிக்கிறன். மகிமைக்கு வரேக்கை உன்ரை எஞ்சினும் வந்திடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. இரவு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பற்றரி செத்துப் போச்சு. எங்கடை எல்லாப் படகிலையும் செத்துப் போச்சு" என்று அம்மாவிடம் கத்தினார். நான் படித்துக்கொண்டிருப்பது போல் இருந்தேன்.

யூன் 13

அந்தோனியார் பெருநாள். அக்கரையிலிருந்து நிறையச் சனம். கோயிலைச் சுற்றி மின்குமிழ் மாலை, ஒலிபெருக்கி, ஐஸ்கிறீம்காரர்கூட வந்திருந்தார். நேற்று இரவு முழுவதும் விளக்குகள் எரிந்தன, இன்றும் எரிகின்றன.

ஐயாவின் படகு இன்று ஒரே தொடுகையில் ஸ்ராட் வந்தது. வந்த சனத்தை ஏற்றி இறக்கிக் களைத்துவிட்டார், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. "அந்தோனியாற்றை புதுமை!" என்று அற்புதம் கண்டவர் போலச் சவிரிமுத்து அப்பு கையைத் தூக்கினார். இறங்குதுறையில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

திறப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

யூன் 15

பின்னேரம் அறையைத் திறந்து பார்த்தேன். பெருநாள் நிறையக் கரண்ட் இழுத்துவிட்டது போலும். வெக்கையும் அதிகம். முதல் வரிசையில் தண்ணீர் பரவாயில்லை. இரண்டாம் வரிசைப் பழைய பற்றரிகளில் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. சிலவற்றில் தகடுகளின் மேல் விளிம்பு வெளியே தெரிந்தது. தகடு காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

கான்கள் வெறுமையாக இருந்தன.

சோளகக் காற்று எழும்பிவிட்டது. இந்த வாரம் படகு ஓடாது என்கிறார்கள். அக்காவுக்கு ரெலிபோன் எடுக்கலாம். எடுத்தால் கான் தண்ணீர் எங்கே போனது என்று கேட்பார்.

யூன் 16

காலையில் நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போனேன்.

தீவில் மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். இது ஒன்றுதான் குடிக்கிற தண்ணீர். இரவு முழுவதும் ஆடாமல் கிடந்து விடியும்போது மேல் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். ஒரு வாளி விழுந்து கலக்கினால் பிறகு உவர் மேலே வந்துவிடும். அதனால் முதல் வாளி யாருக்கும் சொந்தமில்லை. பிறந்த குழந்தை இருக்கிற வீட்டுக்கு, அல்லது நோயாளி இருக்கிற வீட்டுக்கு. அவர்கள் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் கயிற்றைத் தொடுவார்கள். இப்போது முறை கொன்சி அக்காவுக்கு. அவருடைய பெடியன் பிறந்து இன்னும் நாற்பது நாள் கழியவில்லை.

நான் அவருக்கு முன்னே போய் முதல் வாளியை எடுத்துவிட்டேன்.

குழந்தைக்கே கொடுக்கிற தண்ணீர். இதைவிடச் சுத்தமான தண்ணீர் இந்தத் தீவில் இல்லை. வெள்ளைத் துணியில் வடித்து, புனலால் இரண்டாம் வரிசை முழுவதற்கும் விட்டேன். எல்லாம் கோட்டுக்கு வந்தது. சாப்பாடு கொடுத்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது கொன்சி அக்கா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆரோ கலக்கிப் போட்டாங்களடி, பிறிசி. ஆருக்கு இந்தக் கெட்ட குணம்?"

"தெரியாதக்கா" என்றேன்.

யூன் 17

கணக்கு வீட்டுவேலை. வேறு ஒன்றும் இல்லை.

யூன் 26

இன்னும் படகு ஒழுங்காக ஓடவில்லை. இரண்டாம் வரிசை மறுபடியும் இறங்கியிருந்தது. மறுபடியும் முதல் வாளி. இந்த முறை கொன்சி அக்காவின் வீட்டில் வெளிச்சம் தெரிவதற்கு முன்பே போய்விட்டேன்.

றெஜினா அக்கா பின்னேரம் ரெலிபோன் எடுத்தார். நிறோசனுக்குச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டதாம். குரல் களைத்திருந்தது.

"தண்ணி எப்பிடி, பிள்ளை?"

"நிறைவா இருக்கக்கா."

அது பொய் இல்லை. நிறைவாகத்தான் இருக்கிறது.

யூலை 3

றெஜினா அக்கா வந்துவிட்டார். நிறோசன் ஊன்றுகோலோடு இறங்கினான். புதிய கான்களும் அதே படகில் வந்தன. திறப்பைக் கொடுத்தேன்.

"நாலு கானும் முடிஞ்சுதோ?"

"ஓமக்கா. பெருநாளுக்கு நிறைய இழுத்தது."

அக்கா வெறும் கான்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாவம், உன்னிலை பெரிய சுமையை வைச்சிட்டுப் போட்டன்" என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு சிவப்புத் தலைக்கிளிப் எடுத்து என் தலையில் தானே குத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கொப்பிப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். அம்மா கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்வேன்.

யூலை 14

அமிலம் பார்க்கிற குழாய் ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் குழாய், மேலே இறப்பர் குமிழ், உள்ளே ஒரு மிதவை. பற்றரிக்குள் விட்டு உறிஞ்சினால் மிதவை எழும்பும். உயர்ந்து நின்றால் பற்றரி நிறைந்திருக்கிறது. தாழ்ந்து நின்றால் பட்டினி.

இன்று முதல் வரிசையில் மிதவை உயர்ந்து நின்றது. இரண்டாம் வரிசையில் முழுநாள் வெயில் ஏறிய பிறகும் அடியில் கிடந்தது. அக்கா குழாயைக் கழுவி மறுபடி பார்த்தார். மறுபடியும் அடியில். மூடியைத் திறந்ததும் பள்ளிக்கூடக் கக்கூசுக்குப் போடும் வெள்ளைத் தூளின் மணம் வந்தது.

அக்கா மூடியைப் பிடித்தபடி நின்றார். ஏதாவது கேட்பார் என்று நினைத்து, துடைத்த மூடியையே மறுபடியும் துடைத்தேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் நல்லதண்ணிக் கிணறு தெரியும்.

"நீ வீட்டை போ, பிள்ளை. படி" என்றார்.

யூலை 22

விளக்குகள் இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே செத்துவிடுகின்றன. ஐஸ் பெட்டி உருகி, ஐந்து வீட்டு மீன் பழுதாகிக் கடலில் கொட்டினார்கள். பின்னேர வகுப்பை நிறுத்திவிட்டார்கள். கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸி தடுப்பூசி மருந்து முழுவதையும் ஒரு சின்னக் கைப்பெட்டியில் ஐஸ் போட்டு வைத்து அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார். இனி ஊசி போட வேண்டிய பிள்ளைகளை அங்கேதான் கொண்டுபோக வேண்டும்.

கொன்சி அக்கா குழந்தையைச் சீலைக்குள் சுற்றிக்கொண்டு இந்தச் சோளகத்தில் படகேறினார். அலை அடித்துத் தாயும் பிள்ளையும் நனைந்துதான் திரும்பினார்கள். குழந்தை இன்று முழுவதும் இருமுகிறது. எங்கள் வீட்டுக்குக் கேட்கிறது. இப்போதும் கேட்கிறது.

அந்தக் குழந்தையின் தண்ணீரையும் நான் எடுத்தேன். மருந்தையும் நான்தான் எடுத்திருக்கிறேன்.

யூலை 29

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். சங்கத்து ஆட்கள் எல்லோரும் அறை வாசலில். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஆரப்பா இதுக்குக் கிணத்துத் தண்ணி விட்டது?" என்றார் அவர், முதல் மூடியைத் திறந்ததுமே.

"அது நல்லதண்ணிக் கிணறு" என்றார் யாரோ. "நாங்கள் குடிக்கிற தண்ணி."

"நீங்கள் குடிப்பியள். உங்களுக்கு உப்புப் பழகின நாக்கு. இதுக்கு ஒரு துளி உப்பும் ஆகாது. தகட்டை உள்ளுக்குள்ளை அரிச்சுத் தின்னும். இரண்டாம் வரிசை முடிஞ்சுது. திருத்தேலாது. கழட்டி விட்டிட்டு மிச்சத்தோடை சமாளியுங்கோ. விளக்கை முறை வைச்சுக் குடுங்கோ."

"புது வரிசை?"

அவர் சிரித்தார். அது எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது.

எல்லோரும் றெஜினா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாவும் பார்த்தார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. துணியை எடுத்து, செத்துப்போன வரிசையைத் தூசி துடைக்கத் தொடங்கினார்.

ஓகஸ்ட் 1

சங்கக் கூட்டம். பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பெண்களும் வந்திருந்தார்கள்.

ஐயா முன்னால் நின்று கேட்டார்: "றெஜினா, நீ ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை திறப்பை ஏன் என்னட்டைத் தரேல்லை?"

"மறந்து போனன் அண்ணை."

"அப்ப திறப்பு ஆரிட்டை இருந்தது?"

நான் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னட்டைத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலை, என்ரை பைக்குள்ளை" என்றார் அக்கா.

"அப்ப அறைக்குள்ளை ஒருத்தரும் போகேல்லை. தண்ணி விட்டது நீ. நாலு கானையும் என்ன செய்தனி? அக்கரையிலை வித்தனியோ?"

கொன்சி அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வாயைத் திறந்து சொல்லன். என்ரை பிள்ளை இருமி இருமிச் சாகுது, நீ சிலை மாதிரி நிக்கிறாய்!"

றெஜினா அக்கா ஒரு முறை மட்டும் பெண்கள் பக்கம் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

வேலையிலிருந்து நிறுத்துவது என்று முடிவு. சங்கம் கொடுத்த வீட்டையும் விட வேண்டும். அவர் தமக்கையிடம் மன்னாருக்குப் போவாராம். திறப்பை யாரிடம் கொடுப்பது என்று கேள்வி வந்தபோது ஐயா சொன்னார்: "எங்கடை பிறிசில்லா அவளோடை நிண்டு பழகினவள். இப்போதைக்கு அவள் பார்க்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். யாரோ கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது ஐயா என் தலையைத் தடவினார். அவர் அப்படித் தடவி எத்தனையோ காலம். "கூட்டத்திலை ஒண்டும் கதைக்கேல்லை. நல்ல பிள்ளை" என்றார்.

சாப்பிட முடியவில்லை.

ஓகஸ்ட் 2

இந்தக் கொப்பியிலும் நான் ஒழுங்காக எழுதவில்லை. கான்கள் வெறுமையாக இருந்தன என்று எழுதினேன். எப்படி வெறுமையாயின என்று எழுதவில்லை.

பெருநாளுக்கு முதல் நாள் ஐயா என்னிடம் வந்தார். "றெஜினா திறப்பை உன்னட்டைத்தானே தந்தவள்?" என்றார். எப்படித் தெரியுமோ தெரியாது. நான் தலையாட்டினேன். "கொண்டா" என்றார். செபமாலைப் பையைத் திறந்து கொடுத்தேன். ஐயா கான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே வலையைப் போட்டு மூடிக்கொண்டு இறங்குதுறைக்குத் தள்ளிப் போனார். இரவு வெறும் கான்களை மூலையில் திருப்பி வைத்துவிட்டுத் திறப்பைத் தந்தார். "பெருநாள் முடிய வேறை கான் எடுத்து வைப்பம்" என்றார். எங்கள் படகுகளின் பற்றரிகளுக்கெல்லாம் அன்று நல்ல தண்ணீர் கிடைத்தது.

அவர் வேறு கான் எடுத்து வைக்கவில்லை. நான் நினைவுபடுத்தவும் இல்லை. நினைவுபடுத்தினால் அடிப்பார் என்று பயம். அடிக்காவிட்டாலும் பயம்.

இன்று பின்னேரம் றெஜினா அக்கா அறையை ஒப்படைத்தார். திறப்பைக் கையில் தந்தார். எங்கே எது இருக்கிறது என்று சொன்னார். எனக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் சொன்னார். போகும்போது வாசலில் நின்றார்.

"இரண்டாம் வரிசை மூடியளைத் திறக்க வேண்டி வந்தா முகத்தைத் தள்ளிப் பிடி. அந்தப் புகை நெஞ்சுக்குக் கூடாது."

"அக்கா..."

"டிசம்பரிலை சோதினை. வடிவாப் படி."

நான் அழுதேன். அவர் என்னை அணைக்கவில்லை. கோபமும் காட்டவில்லை. நிறோசன் வெளியே ஊன்றுகோலோடு நின்று, "அம்மா, மன்னாரிலை கரண்ட் இருக்காம், உண்மையோ?" என்று கேட்டான். "ஓமடா" என்று சொல்லிக்கொண்டு போனார்.

நாளைக் காலைப் படகில் போகிறார்கள். ஐயாவின் படகுதான்.

ஓகஸ்ட் 3

காலையில் இறங்குதுறைக்குப் போனேன். அம்மாவும் வந்தார். வழியனுப்பப் பாதி ஊர் வந்திருந்தது. திட்டியவர்கள்கூட வந்திருந்தார்கள். கொன்சி அக்கா குழந்தையோடு நின்றார், அக்கரை டொக்டரிடம் காட்ட. ஐயா எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தார். றெஜினா அக்காவின் பை ஏற்கனவே படகில் இருந்தது. நிறோசனை அவர் தூக்கப் போனபோது நான் சொன்னேன்:

"அக்கா, நில்லுங்கோ."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தரம் கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"தண்ணி விட்டது நான். கிணத்துத் தண்ணி. முதல் வாளி. திறப்பு அக்காட்டை இருக்கேல்லை. என்னட்டைத்தான் தந்திட்டுப் போனவா."

கொன்சி அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. "அண்டைக்குக் கலக்கினது நீயோ?" என்றார். பிறகு, "ஏன் பிள்ளை, கானிலை தண்ணி இருந்ததெல்லே? நாலு கான் இறக்கினதை என்ரை கண்ணாலை கண்டனான்."

"இருந்தது."

"பிறகு எங்கை போச்சு?"

நான் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

"விடியக் காத்தாலை என்ன விசர்க் கதை இது" என்றார் ஐயா. "எல்லாரும் ஏறுங்கோ. காத்து எழும்பப் போகுது." சொல்லிக்கொண்டே குனிந்து எஞ்சினைத் தட்டினார்.

ஒரே தொடுகையில் ஸ்ராட் வந்தது.

ஒருவரும் ஏறவில்லை. எஞ்சின் மட்டும் பிசகாமல், அழகாக ஓடிக்கொண்டிருந்தது. சவிரிமுத்து அப்பு வலையை மடியில் வைத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"எமிலியான், உதுதானோ மேனை அந்தோனியாற்றை புதுமை?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

ஐயா எஞ்சினை நிறுத்தினார். அலைச் சத்தமும் குழந்தையின் இருமலும் மட்டும் கேட்டன. அம்மா என் கையை விட்டார். சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, ஐயாவுக்கு முன்னாலேயே கையை நீட்டி, றெஜினா அக்காவின் பையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு கரையேறினார்.

நான் திறப்பை நீட்டினேன். றெஜினா அக்கா வாங்கினார். என்னைப் பார்க்கவில்லை. நிறோசனோடு அம்மாவுக்குப் பின்னால் தன் வீட்டுப் பக்கம் நடந்து போனார்.

கொன்சி அக்காவைச் சவிரிமுத்து அப்புவின் பேரன் தன் வள்ளத்தில் அக்கரைக்குக் கொண்டுபோனான். குழந்தைக்குச் சளிதானாம், மருந்து கொடுத்திருக்கிறார்களாம். பின்னேரம் செய்தி வந்தது.

இரண்டாம் வரிசை செத்தது செத்ததுதான். நான் சொன்னதால் அதற்கு உயிர் வராது. இன்று எங்கள் பக்கத்துக்கு விளக்கு முறை இல்லை. மற்ற நாட்களில் போர்வைக்குள் ரோச் லைற் பிடித்து எழுதுவேன். இன்று குப்பி விளக்கை மேசையில் வைத்து எழுதுகிறேன். சிவப்புக் கிளிப்பும் மேசையில் இருக்கிறது. அதை அக்காவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காலையில் தனியே படகை எடுத்துக்கொண்டு போன ஐயா இன்னும் வரவில்லை. அம்மா கதவைப் பூட்டவில்லை, சோற்றையும் எடுத்து வைக்கவில்லை.

வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்கிறது. ஐயாதான். கொப்பியை மூடவில்லை.